எனக்கு மட்டும் நின்றுபோனது

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே காலையில்தான் டியூபை எடுத்தார்கள். புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாளாக மூத்திரப் பையைத் தொடையோடு கட்டிக்கொண்டு நடந்தவனுக்கு, அது போனதே பெரிய விடுதலையாக இருந்தது. "எந்திரிச்சு நில்லுங்கய்யா" என்றார் சிஸ்டர். எழுந்தேன். நின்ற மறுநொடி இரண்டு கால் வழியாகவும் சூடாக இறங்கியது. அடக்கப் பார்த்தேன். எதைக் கொண்டு அடக்குவது என்பதே உடம்புக்கு மறந்துபோயிருந்தது. அறுபத்திரண்டு வயதில், மகள் வயதுள்ள ஒரு பெண்ணின் முன்னால், தரையில் தேங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாருக்கும் ஆரம்பத்துல இப்படித்தான். மூணு மாசம், ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். பயப்படாதீங்க" என்று சொல்லி அவர் ஒரு டயப்பரை நீட்டினார்.

வெளியே வந்தபோது பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். வார்டில் எனக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர். கூடலூர் பஜாரில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற கடைக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பது மட்டும் தெரியும். மடியில் ஒரு துண்டை விரித்து மறைத்திருந்தார்.

"உங்களுக்கும் போச்சுங்களா?" என்றார்.

"போச்சுங்க."

"எனக்கு அந்த சிஸ்டரம்மா செருப்பு மேலயே போயிருச்சுங்க" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் மறுபடியும் போனது. என் முகம் மாறியதைப் பார்த்து, "சிரிக்காதீங்க, சிரிச்சா இன்னும் போகுமாட்ட இருக்குது" என்றார். அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

நான் சேரங்கோட்டுப் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்தவன். எங்கள் குடும்பம் அப்பா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறியது. அவர் குடும்பமும் அப்படித்தான். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸும் ஒன்றாகவே அமைந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும், சாயும்போதெல்லாம் கொஞ்சம் போகும். எங்கள் மனைவிமார் முன் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜன்னலைச் சாத்தினால் வாசம் தெரிந்துவிடும் என்ற பயம் இருவருக்கும் இருந்தது. ஊட்டி ஸ்டாண்டில் எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. சீட்டின் பின்பக்கம் நனைந்திருக்குமோ என்று எழுந்து பார்க்கவே தைரியம் வரவில்லை.

கூடலூரில் பிரியும்போது போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "தினம் காலைல பத்து மணிக்கு, குளிச்சுட்டு ஒரு போன் பண்றனுங்க. ஊட்டுல இதையெல்லாம் யாருகிட்டப் பேசறது?"

சொன்னபடியே செய்தார். பத்து மணிக்குப் போன் அடிக்கும். முதலில் எத்தனை பேடு என்ற கேள்வி. "நேத்து ஆறுங்க." "எனக்கு ஏழு." பிறகு உடற்பயிற்சி. சிறுநீரைப் பாதியில் நிறுத்துகிற மாதிரி இறுக்கி, பத்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். அதைப் போனிலேயே சேர்ந்து செய்வோம். எண்ணுவது அவர்தான். கடையில் மிளகு அளக்கிற பழக்கத்தில் ஒன்று என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்றுதான் ஆரம்பிப்பார். இந்தப் பக்கம் நான் நாற்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி கடந்து போகும்போது சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

ஆனால் அது சிரிக்கிற காலமில்லை. டாக்டர் டீ, காப்பியைக் குறைக்கச் சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரி வாசத்திலேயே இருந்தவன் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். கல்யாணம், காது குத்து எதற்கும் போகவில்லை. மனைவி மட்டும் போய், "அவருக்கு மூட்டு வலி" என்று சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர் என்று யாராவது வந்தால், உட்காருவதற்கு முன்னால் அந்த நாற்காலியில் கடைசியாக நான் உட்கார்ந்தது எப்போது என்று யோசிப்பேன். கடையில் வாங்குகிற பேடு பகலுக்கு. ராத்திரிக்குப் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணி. ஆனி பிறந்து மழை பிடித்ததும் அந்தத் துணிகள் காயவில்லை. எங்கள் பக்கத்து மழை வாரக்கணக்கில் விடாது. விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டி அவள் துணிகளைத் தொங்கவிட்டாள். சோறு பொங்குகிற இடத்திலேயே என் துணியும் காய்ந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவருக்கு இன்னும் கஷ்டம். கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், மூட்டையை நகர்த்த வேண்டும். ஒருநாள் ஒரு வியாபாரி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னங்க, கடைக்குள்ள பூனை வந்துபோகுதா?" என்று கேட்டாராம். "ஆமாங்க, பூனைதான்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். "என்ற ஊட்டுக்காரிகிட்டக்கூட இதைச் சொல்லலீங்க. உங்ககிட்டத்தான் சொல்றேன்" என்றார்.

இதற்கிடையில் புற்று மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிற ரத்த டெஸ்டில் அவருடைய பி.எஸ்.ஏ. அளவு திரும்பவும் ஏறியிருந்தது. ரேடியேஷன் கொடுக்க வேண்டும், நாங்கள் சொல்கிற மாதிரி கரண்ட் வைக்க வேண்டும், என்று டாக்டர் சொன்னார். கோயமுத்தூரில் மச்சினர் வீட்டில் தங்கி, தினம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். கரண்ட் வைத்தால் கொஞ்சநஞ்சம் வந்துகொண்டிருந்த பிடியும் தளரலாம் என்று சொல்லியே ஆரம்பித்தார்களாம். தளர்ந்தது.

அவர் அங்கே இருந்தபோதுதான் எனக்கு நின்றது.

ஆடி மாதம். காலையில் கண் விழித்ததும் வழக்கம்போலக் கையை வைத்துப் பார்த்தேன். துணி காய்ந்திருந்தது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளாகவே குறைந்துகொண்டுதான் வந்தது, ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. மறுநாளும் காய்ந்திருந்தது. நான்காம் நாள் பேடு வைக்காமல் குடையை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் வரைக்கும் பேப்பர் வாங்க நடந்தேன். வழியில் பெரிதாக ஒரு தும்மல் வந்தது. அப்படியே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. மழையில் ரோட்டோரம் நின்று இன்னொரு முறை வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதும் அவள் அடுப்பங்கரைக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றை அவிழ்த்து எடுத்தாள்.

பத்து மணிக்கு அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்தது. எடுத்ததும் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது பேண்ட் முழுக்க நனைந்துவிட்டது, ஆட்டோக்காரர் ஏற்ற மறுத்துவிட்டார், மச்சினர் வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "உங்களுக்கு எப்படிங்க?" என்றார்.

"அப்படியேதானுங்க" என்றேன்.

"நல்லது" என்றார். உடனே, "ஐயோ, நல்லதுன்னு சொல்லக்கூடாதுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. நான் ஒருத்தன் மட்டும் இல்லைன்னு ஒரு தெம்பு, அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு மறுநாள் அதை மாற்ற முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. எத்தனை பேடு என்று கேட்பார். "மூணுங்க" என்பேன். சில நாள் நாலு. ஒரேயடியாகக் குறைத்துச் சொல்லக்கூடாது என்று கூட்டியும் குறைத்தும் சொன்னேன். அவர் எண்ண எண்ண நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் மனசு உடையக்கூடாது என்பதற்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. ரிட்டயர் ஆன பிறகு என்னைத் தேடி யாரும் போன் செய்ததில்லை. அந்தப் பத்து மணிப் போன் எனக்கும் வேண்டியிருந்தது.

கார்த்திகையில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கரண்ட் முடிந்து மாதங்கள் ஆகியும் அவருக்கு நிற்கவில்லை. கல்யாண நாளை நினைத்தே அவர் பயந்துபோயிருந்தார்.

"மணமேடையில எத்தனை நேரம் உக்காரணும், எத்தனை தடவை எந்திரிக்கணும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேனுங்க. மேடைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்குது. அங்க மாத்து வேட்டி, பேடு எல்லாம் வச்சிடுவேன். நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா போதும். ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிச்சுப் போனா, ஏதோ கல்யாண வேலையாப் போறாங்கன்னு நினைச்சுக்குவாங்க. நீங்களும் அங்கயே மாத்திக்கலாம்."

"வர்றேனுங்க" என்றேன்.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்த அறைக்குள் என்னைக் கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஒரு கட்டைப் பையிலிருந்து இரண்டு பேடு எடுத்து, ஒன்றை என்னிடம் கொடுத்தார். "திரும்பிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். பின்னால் அவர் வேட்டியை அவிழ்ப்பதும் மூச்சு வாங்குவதும் கேட்டது. நானும் பேடின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன், சத்தம் கேட்கட்டும் என்று. காய்ந்த உடம்பில் அதை வைத்துக் கட்டிக்கொண்டேன். இவ்வளவு கீழே இறங்கியிருக்கிறோமே என்று அப்போது தோன்றியது. ஆனால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்வது அதைவிடக் கொடுமையாகப் பட்டது.

தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு எழுந்தபோது அவர் வேட்டியின் பின்புறம் கையகலத்துக்கு நனைந்திருந்தது. நான் மேடையேறி அவர் முதுகோடு ஒட்டி நின்றேன். தோளில் கைபோட்டு, எதையோ ரகசியம் பேசுவதுபோல அவரை அறைக்கு நடத்திக்கொண்டு போனேன். யாரும் பார்க்கவில்லை. உள்ளே போனதும் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லீன்னா இன்னைக்கு நான் செத்திருப்பேனுங்க."

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி சந்தோஷமாக இருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் அவர் மனைவியோடு வெகுநேரம் பேசினாளாம். "அந்தக்கா ரொம்ப விசனப்பட்டாங்க. நான்தான் ஆறுதல் சொன்னேன். எங்க ஊட்டுக்காரருக்கு ஆடியிலயே சுத்தமா நின்னுருச்சு, உங்க ஊட்டுக்காரருக்கும் நின்னுரும், கவலைப்படாதீங்கன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் பேசலீங்க. எலையைப் பார்த்துட்டே உக்காந்திருந்தாங்க."

அவளை நான் குறை சொல்ல முடியாது. நான் போனில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. பத்து மணிக்கு நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக ஆரம்பித்து மாதக்கணக்காகியிருந்தது.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வரவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. நாலாவது நாள் அவர் மனைவி எடுத்தார். "அண்ணா, அவரு இப்பப் பேசற மாதிரி இல்லீங்க. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். குரலில் கோபமில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தை மாதம் சொல்லாமலே அவர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டு அறையில், ரப்பர் ஷீட் விரித்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, "அவருக்கு டீ குடு. அவரு குடிக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றார்.

டீ வந்தது. குடிக்க முடியவில்லை.

"ஏனுங்க சொல்லல?" என்று கேட்டார்.

"உங்க மனசு ஒடஞ்சிருமேன்னுதானுங்க."

"ஒடஞ்சிருக்கும். பொறாமையாக்கூட இருந்திருக்கும். ரெண்டு நாள் உங்ககிட்டப் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் சரியாப் போயிருக்குமுங்க." நாற்காலியில் சுருண்டிருந்த ரப்பர் ஷீட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஊட்டுக்காரிகிட்டச் சொல்லாததையெல்லாம் உங்ககிட்டச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே குழியில கிடக்கறோம்னு நினைச்சுச் சொன்னேன். நீங்க மேல நின்னு கேட்டுட்டு இருந்திருக்கீங்க. பாவம் பார்க்கறவங்ககிட்ட ஒருத்தன் அப்படியா பேசுவான்?"

தப்புத்தான் என்றேன். "சரி, விடுங்க" என்றார். விட்டவர் குரல் இல்லை அது. இன்னொரு ஆபரேஷன் செய்து, மூத்திரத்தை அடக்க உள்ளே ஒரு கருவி வைக்கலாம் என்று டாக்டர் சொல்வதாகவும், திரும்பக் கத்தி வைத்துக்கொள்ளத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். வெளியே போகிற நாளில் உறை மாதிரி ஒன்றை மாட்டிக் காலில் பை கட்டிக்கொள்வதாகச் சொன்னார். "பழையபடி பையோட சுத்தறேன்" என்றார். கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தார். அவர் வரவில்லை.

பிறகு சில மாதம் எதுவும் இல்லை. நான் கோயிலுக்குப் போனேன், கல்யாணங்களுக்குப் போனேன். எங்கே போனாலும், நனையாத வேட்டியோடு எழுந்திருக்கும்போது அவர் ஞாபகம் வந்துவிடும். உடம்பு தேறியதில் எனக்கு முழுதாக ஒரு நாள்கூடச் சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை.

"தேவர்சோலையில எனக்குக் காப்பிக்கொட்டை போடறவர் ஒருத்தர். நம்மளாட்டவே ஆபரேஷன். போன வாரம் டியூப் எடுத்திருக்காங்க. ரூமை விட்டு வெளிய வர்றதில்லையாம், சரியாச் சாப்புடறதில்லையாம். நீங்க போய்ப் பேசுங்க."

"நீங்களே பேசலாமுங்களே. உங்களுக்குத் தெரிஞ்சவரு."

"நிக்காதவன் போய்ப் பேசினா பயம்தானுங்க வரும். நின்னவரு பேசுங்க." சற்று நிறுத்தினார். "இவருகிட்டயாவது நெசத்தச் சொல்லுங்க." வைத்துவிட்டார்.

மறுநாளே போனேன். தோட்டத்து நடுவே ஓட்டு வீடு. அந்த மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். மண்வெட்டி பிடித்த கைகள். கட்டிலில் போர்வையை இடுப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரித் தரையில் நான் நின்ற கதையைச் சொன்னேன். பயிற்சியைச் சொன்னேன். எந்தப் பேடு நாலு மணி நேரம் தாங்கும், எது தாங்காது என்று சொன்னேன்.

"உங்களுக்கு நின்னுருச்சுங்களா?" என்று கேட்டார், நிமிராமல்.

"நின்னுருச்சுங்க. நிக்கறதுக்கு ஏழு மாசம் ஆச்சு."

இப்போது நிமிர்ந்து பார்த்தார். "எல்லாருக்கும் நின்னுருமுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வரும்.

"இல்லீங்க. நெறையப் பேருக்கு நிக்கும். சிலருக்கு நிக்கறதில்லை. என்கூட டியூப் எடுத்தவருக்கு இன்னும் நிக்கல."

வெளியே யாரோ கோழியை விரட்டினார்கள்.

"அவரு எப்படிங்க இருக்காரு?"

"கஷ்டத்துலதான் இருக்காரு. ஆனா உங்களைப் போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பினது அவருதானுங்க."

யார் என்று அவர் கேட்கவில்லை. புரிந்திருக்கும். போர்வையைக் கொஞ்சம் ஒதுக்கி, கட்டில் ஓரத்தில் என்னை உட்காரச் சொன்னார்.

கூடலூர் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவருக்குப் போன் செய்தேன். அவர் வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடைதான். வரச் சொல்வாரோ என்று ஒரு எண்ணம் இருந்தது.

"பார்த்துட்டு வந்துட்டேனுங்க."

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டையும் சொன்னேனுங்க. நின்னதையும், நிக்காததையும்."

"சரிங்க. பஸ்ஸை விட்டுறாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.